பதிலுக்காகக் காத்திருக்கும் ஒரு கேள்வி



திருவருகைக் காலத்தை ஒட்டி, ஒவ்வோர் ஆண்டும் டிசெம்பர் 1ஆம் திகதி உலக எயிட்ஸ் தினம் வருகிறது. 1988 முதல் கடைப்பிடிக்கப்பட்டு வரும் இந்நாளைப் பற்றி நம் தமிழ்ப் பங்குகளில் நாம் பெரும்பாலும் பேசுவதில்லை. புற்றுநோயாளருக்காக மன்றாட்டு எழுதித் தருகிறோம். இருதய சத்திரசிகிச்சைக்குச் செல்வோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். எச்.ஐ.வி. என்ற சொல் மட்டும் நம் மன்றாட்டுப் பெட்டிக்குள் விழுவதேயில்லை. கனடாவில் ஏறத்தாழ 65,000 பேர் இந்த வைரசுடன் வாழ்வதாகவும், அவர்களில் பத்தில் ஒருவருக்கு அது தம்மிடம் இருப்பதே தெரியாதெனவும் கனடாவின் பொதுச் சுகாதார முகவரகம் 2022ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் கூறியது. எந்த மொழி பேசும் சமூகமும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்பதில்லை.

இன்று நான் எழுத விரும்புவது ஒரு சிறிய காரியத்தைப் பற்றி. எச்.ஐ.வி. மருந்து உட்கொள்ளும் ஒருவருக்கு, அவருடைய மருந்தாளர் கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பி நலம் விசாரிப்பதும், அவர் எழுதும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவதுமே அக்காரியம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நம் காலத்தின் இரக்கச் செயல்களில் ஒன்று. நம் மக்களுக்கு இது நம் மொழியில் கிடைக்க வேண்டும். அது பயன் தருவதும் தராததும், பிறர் இரகசியத்தை நாம் எவ்வளவு மதிக்கிறோம் என்பதில் பெரிதும் தங்கியிருக்கிறது.

இந்த நோயின் வரலாற்றில் நமது மொன்றியல் நகருக்கு ஓர் இடம் உண்டு. 1989ஆம் ஆண்டு யூன் மாதம் ஐந்தாவது அனைத்துலக எயிட்ஸ் மாநாடு இங்கே நடைபெற்றது. நோயுடன் வாழ்ந்தவர்களும் அவர்களுடைய தோழர்களும் தொடக்க விழா மேடையில் ஏறினார்கள். தங்களைப் பற்றிப் பேசுமிடத்தில் தங்களுக்கும் குரல் வேண்டும் என்று கேட்டார்கள். அந்நாள்களில் அவர்களுக்கு இருந்த மருந்து மிகக் குறைவு. பலர் அடுத்த சில ஆண்டுகளில் இறந்துபோனார்கள். 33 ஆண்டுகள் கழித்து, 2022இல், அதே மாநாடு மீண்டும் மொன்றியலுக்கு வந்தபோது நிலைமை முற்றிலும் மாறியிருந்தது. நாளொன்றுக்கு ஒரு குளிசையோடு முழு வாழ்நாளையும் வாழக்கூடிய காலம் வந்துவிட்டது. ஒன்று அல்லது இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஏற்றும் ஊசியும் வந்துவிட்டது. அந்த ஊசிமருந்துக்கு உலகிலேயே முதன்முதலில் அனுமதி வழங்கிய நாடு கனடா, அது 2020இல்.

இன்னுமொரு செய்தியை நம் குடும்பங்கள் அனைத்தும் அறிந்திருக்க வேண்டும். மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் வைரசின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து, அந்நிலையிலேயே நீடிக்கும் ஒருவரிடமிருந்து தாம்பத்திய உறவின் வழியாக அவருடைய துணைவருக்கு நோய் தொற்றுவதில்லை. 2011இல் முடிவு வெளியான பெரிய ஆய்வொன்று இதற்கு வழிகாட்டியது. சென்னையும் அந்த ஆய்வு நடந்த இடங்களுள் ஒன்று. பின்னர் ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகள் ஐயத்துக்கு இடமின்றி இதை உறுதி செய்தன. தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதையும் தடுக்கலாம். அவ்வாறு தடுத்துக் காட்டிய நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கைக்குச் சான்றளித்தது. நாம் பிறந்த மண்ணே இதைச் சாதித்திருக்கிறது.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? மருந்து நாள் தவறாமல், ஆண்டுக்கணக்கில், வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளப்பட வேண்டும். இடையில் அடிக்கடி விட்டுப்போனால் வைரஸ் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காத வடிவமும் எடுக்கலாம். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நாள்தோறும் மருந்து எடுப்பவர்கள் நம்மிடையே ஏராளம். அவர்கள் சாப்பாட்டு மேசையில் மருந்துப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்கள். எச்.ஐ.வி. உள்ளவரோ மருந்துப் போத்தலின் பெயர்த்தாளைக் கிழித்தெறிகிறார். மூன்று குடும்பங்கள் வாடகையைப் பகிர்ந்து வாழும் பார்க் எக்ஸ்ரென்ஷன் வீடொன்றில், குளிசையை எங்கே வைப்பது என்பதே அவருக்குத் தினமும் ஒரு கவலை. ஊரிலிருந்து விருந்தினர் வந்து ஒரு மாதம் தங்கினால், அந்த மாதம் மருந்து தடுமாறுகிறது. இரவு வேலைக்கு மாறினால் நேரம் தடுமாறுகிறது. யாழ்ப்பாணத்துக்கு ஒரு மரணவீட்டுக்கு அவசரமாகப் புறப்பட்டால், பத்து மணி நேர வித்தியாசத்தில் எப்போது குளிசை எடுப்பது என்று கேட்க ஆளில்லை. பலர் மருந்தை விட்டுவிடுவதற்குக் காரணம் மறதி என்று நினைக்கிறோம். அச்சமும் தனிமையும்கூடக் காரணமாகலாம்.

இந்த இடத்தில்தான் தொலைபேசிச் செய்தி வருகிறது. கென்யாவில் 538 நோயாளர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2010இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் வெளியாயிற்று. கனடியரான வைத்தியர் ரிச்சர்ட் லெஸ்ரர் அதற்குத் தலைமை தாங்கினார். சிகிச்சை நிலையத்திலிருந்து வாரம் ஒருமுறை ஒரு குறுஞ்செய்தி போகும். அதில் இருந்தது சுவாகிலி மொழியில் ஒரே சொல்: ‘மம்போ?’ எப்படி இருக்கிறீர்கள் என்பது அதன் பொருள். நோயின் பெயரோ மருந்தின் பெயரோ அதில் இல்லை. பிறர் பார்த்தாலும் நண்பர் ஒருவர் நலம் கேட்டதாகவே தோன்றும். பெற்றவர் ‘சாவா’, அதாவது நலம், என்றோ, ‘ஷிடா’, அதாவது சிக்கல், என்றோ பதில் எழுதுவார். சிக்கல் என்று எழுதியவரையும் இரண்டு நாள்களுக்குள் பதில் எழுதாதவரையும் சிகிச்சை நிலையத்தார் தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள். ஓராண்டு முடிவில், செய்தி பெற்றவர்களில் நூற்றுக்கு 62 பேர் மருந்தை ஒழுங்காக எடுத்திருந்தார்கள். பெறாதவர்களில் நூற்றுக்கு 50 பேர். வைரஸ் அடங்கியிருந்தவர்கள் முறையே நூற்றுக்கு 57 பேரும் 48 பேரும். மருந்தை நினைவூட்டக் குறுஞ்செய்தியைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் தன் வழிகாட்டலில் சேர்த்துக்கொண்டது.

எல்லா ஆய்வுகளும் இப்படி முடியவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவில் 631 பேரிடம் நடத்தப்பட்டு 2014இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கணினி தானாக வாரந்தோறும் அழைத்துப் பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்தது. பின்னர் படச்செய்தி ஒன்றும் அனுப்பியது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தும், செய்தி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டு நாடுகளின் சூழல்களும் வேறு. முடிவுகள் மாறுபட வேறு காரணங்களும் இருக்கலாம். ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று புலப்படுகிறது. மணி அடித்து நினைவூட்டுவது ஒன்று. கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது வேறொன்று. அங்காடி மணியும் ஆலய மணியும் ஒரே உலோகத்தால் ஆனவையாக இருக்கலாம். எதற்கு நாம் எழுந்து போகிறோம் என்பது அழைப்பவரைப் பொறுத்தது.

நமது நகரிலும் இத்தகைய முயற்சி நடந்து வருகிறது. மக்கில் பல்கலைக்கழகச் சுகாதார மையத்தில் வைத்தியர் பெர்ட்ரான் லெபூஷே தலைமையிலான குழுவினர், மொன்றியல் பொலிரெக்னிக் பொறியியலாளர்களோடு சேர்ந்து, ‘மார்வின்’ என்னும் உரையாடல் மென்பொருளை உருவாக்கினார்கள். முகநூல் மெசஞ்சர் வழியாக எச்.ஐ.வி. மருந்து பற்றிய கேள்விகளுக்கு அது விடையளிக்கும். நள்ளிரவிலும் கேட்கலாம், கேட்பவரைப் பார்த்து அது முகஞ்சுளிக்காது. நல்ல முயற்சியே. ஆனால் மென்பொருள் விடையளிக்கும் இடத்துக்கு அப்பால் ஒரு மனிதர் நிற்க வேண்டும். அந்த மனிதராக இருக்க மருந்தாளரே மிகப் பொருத்தமானவர் என்பது என் எண்ணம்.

ஏன் மருந்தாளர்? சிறப்பு வைத்தியரை ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையே காண்கிறோம். மருந்தகத்துக்கு மாதந்தோறும் போகிறோம். கியூபெக்கில் 2015இல் நடைமுறைக்கு வந்த 41ஆம் இலக்கச் சட்டமும் 2020இன் 31ஆம் இலக்கச் சட்டமும் மருந்தாளரின் அதிகாரத்தை விரித்துள்ளன. சிகிச்சை தடைப்படாதிருக்க மருந்துச் சீட்டின் காலத்தை நீடிக்கவும், குறிப்பிட்ட சூழ்நிலைகளில் மருந்தின் அளவைச் சரிசெய்யவும் அவருக்கு உரிமை உண்டு. மேலும், நம் மக்களின் வாழ்வில் எழும் கேள்விகள் பல மருந்தாளர் மட்டுமே விரைவில் தீர்க்கக்கூடியவை.

சில எடுத்துக்காட்டுகள் தருகிறேன். இன்று பரவலாக வழங்கப்படும் டொலுடெகிராவிர் என்ற மருந்து, நீரிழிவுக்காக நம்மவர் பலர் எடுக்கும் மெற்போமினின் அளவை உடலில் கூட்டும்; ஆகவே அதன் அளவைச் சரிபார்க்க வேண்டும். கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளை வெறும் வயிற்றில் அதனுடன் சேர்த்து எடுத்தால் எச்.ஐ.வி. மருந்து உடலில் சரியாகச் சேராது. ரில்பிவிரின் குளிசையைச் சாப்பாட்டுடன்தான் எடுக்க வேண்டும்; தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பவர் என்ன செய்வது? நெஞ்செரிவுக்குக் கடையில் வாங்கும் ஒமெப்ரசோலும் அந்தக் குளிசையும் சேரவே கூடாது. ஊரிலிருந்து வந்த மூலிகைச் சூரணத்தை எடுக்கலாமா? இவை எதற்கும் அடுத்த வைத்தியச் சந்திப்பு வரை காத்திருக்க முடியாது. வரிசையில் பின்னால் தெரிந்தவர் நிற்கும்போது, கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்று உரத்துக் கேட்கவும் முடியாது. வீட்டிலிருந்து இரண்டு வரியில் எழுதிக் கேட்கலாம்.

இனி இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றுக்கு வருகிறேன். ‘தொலைபேசியில் எழுதுவது மனிதத் தொடர்பாகுமா?’ என்று சிலர் கேட்கலாம். கடல் கடந்து வந்த நாமா இப்படிக் கேட்பது? பெற்றோரின் முகத்தைத் தொலைபேசித் திரையில் பார்த்து வாழ்ந்த தலைமுறை நாம். அன்பு திரையின் வழியாகவும் போகும் என்று நமக்குத் தெரியும். ‘இதற்கெல்லாம் மருந்தாளருக்கு நேரம் எங்கே?’ என்பது நியாயமான கேள்வி. ஆகவேதான், இந்த விசாரிப்பு மருந்தாளரின் தனிப்பட்ட தயவில் தங்கியிராமல், ஊதியமுள்ள பணியாகக் கணக்கிடப்பட வேண்டும் என்று நான் கருதுகிறேன். 1997 முதல் இம்மாகாணத்தில் எல்லோருக்கும் மருந்துக் காப்புறுதி கட்டாயமாயிருக்கிறது. குளிசைக்குப் பணம் செலுத்தும் சமூகம், அக்குளிசை வாய்க்குள் போவதற்குத் துணைநிற்பவரின் நேரத்துக்கும் செலுத்துவதே அறிவுடைமை.

மிகக் கனமான தடை வேறொன்று: யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம். தொழில்முறை இரகசியம் காக்கப்படுவது கியூபெக்கின் மனித உரிமைகள் சாசனத்தின் 9ஆம் பிரிவு தரும் உரிமை. சட்டம் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி, வைத்தியர், மருந்தாளர் என்று எவரும் உங்கள் அனுமதியின்றி அதை மீற முடியாது. சட்டம் இருந்தும் நம்மவர் அஞ்சுகிறார்கள். தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறார் என்பதற்காகவே அந்த மருந்தகத்தைத் தவிர்ப்பவர் உண்டு. தமிழ் உதவி செய்யவேண்டிய இடத்தில் தமிழே அச்சமாகிவிடுகிறது. இதற்குக் காரணம் சட்டத்தின் குறைபாடு அன்று. நம்முடைய வட்ஸ்அப் குழுக்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஒருவருடைய வைத்தியசாலைச் செய்தி அவர் வீடு திரும்புமுன் எத்தனை தொலைபேசிகளுக்குப் போய்விடுகிறது! ‘செபிப்பதற்காகத்தான் சொன்னேன்’ என்று அதற்கு ஒரு போர்வையும் போர்த்துகிறோம். அதே செயலி ஒருவருக்கு மருந்தைக் கொண்டுவரும் வழியாகவும் இருக்கலாம். இன்னொருவருடைய மானத்தை வீதியில் இறைக்கும் வழியாகவும் இருக்கலாம்.

எரிகோ நகரின் வழியோரத்தில் அமர்ந்திருந்த பர்த்திமேயுவை மாற்கு நற்செய்தி நமக்குக் காட்டுகிறது. அவர் கூவி அழைத்தபோது கூட்டத்தினர் பேசாதிருக்கும்படி அவரை அதட்டினார்கள். ஆண்டவர் இயேசு நின்றார். அவரை அருகில் வரச்செய்தார். பார்வையற்ற ஒருவருக்கு என்ன வேண்டும் என்பது அங்கு நின்ற அனைவருக்கும் தெரியும். ஆயினும் ஆண்டவர் அவரிடமே கேட்டார். அவர் தம் வாயால் சொல்லும்வரை பொறுத்திருந்தார். அதட்டிய கூட்டமாக இருப்பதா, நின்று கேட்ட ஆண்டவரின் பக்கம் இருப்பதா என்பதே நம் பங்குகளுக்கு முன்னுள்ள தெரிவு. இந்நகரின் புனிதரான சகோதரர் அந்திரேயா பெரிய மறையுரைகள் ஆற்றியவர் அல்லர். கல்லூரி ஒன்றின் வாயிற்காவலராகப் பல்லாண்டுகள் இருந்து, கதவைத் தட்டியவர்களின் துயரத்தைக் கேட்டவர். மவுண்ட் ரோயல் மலைமேல் எழுந்து நிற்கும் புனித சூசையப்பர் பேராலயம் அந்தக் கேட்டலிலிருந்து பிறந்தது.

ஆகவே சில வேண்டுகோள்களை உங்கள்முன் வைக்கிறேன்.

மருந்தகங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு: உங்கள் தமிழ் ஒரு கொடை. நோயாளர் விரும்பினால், அவரோடு தமிழில் செய்தி பரிமாற வழியுண்டா என்று உங்கள் பொறுப்பாளரிடம் கேளுங்கள். செய்தியில் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் வேண்டாம்; பூட்டிய திரையிலும் முதல் வரி தெரியும். எந்த நேரத்தில், எந்தச் செயலியில், எந்தச் சொற்களால் எழுதலாம் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். ஆலயத்தில் அவரைக் கண்டால், ஏனையோரைப் போலவே ஒரு வணக்கம் சொல்லிக் கடந்து செல்லுங்கள்.

குடும்பங்களுக்கு: பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைத்தியரிடம் கூட்டிச்செல்லாதீர்கள், வைத்தியசாலையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுங்கள். கணவன், மனைவி, பெற்றோர் எவராயினும் இன்னொருவரின் தொலைபேசியை அவர் அறியாமல் திறவாதீர்கள். பிறர் நோயைப் பற்றிய செய்தி குழுவில் வந்தால் அதை மேலே அனுப்பாதீர்கள். செபிக்க விரும்பினால் பெயரின்றியும் செபிக்கலாம். ஆண்டவருக்கு முகவரி தெரியும்.

செபக்குழுக்களை நடத்துவோருக்கு: குணமளிக்கும் வழிபாட்டுக்குப் பின் மருந்தை நிறுத்துமாறு எவரிடமும் சொல்லாதீர்கள். அப்படி ஒரு குருவே சொன்னாலும் கேட்க வேண்டாம் என்று குருவாக நின்றே சொல்கிறேன். மருந்துகளைத் தருபவர் கடவுள் என்றும், அவற்றைக் கலந்து செய்பவரின் பணி கடவுளின் பணியோடு சேர்ந்தது என்றும் சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரம் போதிக்கிறது. வீட்டில் அதை எடுத்து வாசியுங்கள்.

இதை வாசித்துக்கொண்டிருக்கும், யாரிடமும் சொல்லாத உங்களுக்கு: நீங்கள் தண்டிக்கப்பட்டவர் அல்லர். 1987இல் சான் பிரான்சிஸ்கோ நகரில், உலகமே தொட அஞ்சிய காலத்தில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எயிட்ஸ் நோயுற்ற சிறுவன் ஒருவனை அணைத்துக்கொண்டார். திருச்சபை உங்களிடம் நிற்கவேண்டிய தூரம் அவ்வளவுதான். அண்மையிலுள்ள மருந்தகத்துக்குச் செல்லக் கூசினால் நகரின் மறுபுறத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ மருந்தை அனுப்புவார்களா என்று கேளுங்கள். புகலிடம் கோரியவராயின் மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உங்களுக்கு உண்டு. அகதியாக ஏற்கப்படுவதற்கு இந்நோய் தடையன்று. சில நாள்கள் மருந்தை விட்டிருந்தால், அதற்காக வெட்கி மேலும் சில நாள்கள் விடாதீர்கள். இன்றைக்கே மருந்தாளருக்கு ஒரு வரி எழுதுங்கள்: ‘எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது.’ அந்த ஒரு வரி போதும். மீதியைக் கேட்டறிவது அவருடைய கடமை.

பத்துத் தொழுநோயாளரை ஆண்டவர் குணமாக்கியபோது, தங்களைக் குருக்களிடம் காட்டும்படி அனுப்பினார் என்று லூக்கா எழுதுகிறார். நோய் நீங்கியதை உறுதிசெய்து அவர்களை மீண்டும் ஊருக்குள் சேர்த்துக்கொள்வதே அந்தக் குருக்களின் பணி. உடலைப் பேணும் பணியை இன்று வைத்தியரும் மருந்தாளரும் செய்கிறார்கள். ஊருக்குள் சேர்த்துக்கொள்ளும் பணி இன்னும் நம்மிடமே இருக்கிறது.

வருகிற ஞாயிறு திருப்பலியில், நம் விசுவாசிகள் மன்றாட்டில், எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்காகவும் அவர்களுக்குத் துணைநிற்கும் மருந்தாளருக்காகவும் அந்தச் சொல்லை மறைக்காமல் சொல்லிச் செபிப்போம். ஆமென் என்று நீங்கள் சொல்லும் ஓசை, அங்கே அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவருக்குப் பதிலாக அமையட்டும்.

இறை ஆசீர் உங்களோடு இருப்பதாக.